தீ வைக்காத நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார்களுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெப்பமானியை எப்படிப் பார்ப்பது, மழைமானியை எங்கே நடுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கைப்புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஜொகூரில் ஒரு நாளும் தங்கியதில்லையாதலால் அவருக்கு எதிலும் சந்தேகம் வரவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது சந்தேகங்கள் மட்டும்தான். அவற்றில் ஒன்றை எடுத்துத் தருகிறேன். மற்றவற்றை ஓய்வூதியத்தோடு சேர்த்து நானே அனுபவித்துக்கொள்கிறேன்.

முதலில் கோடையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்கள் இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறும்போது தகரப்பெட்டியில் வேட்டி, சாமி படம் இவற்றோடு கோடைகாலத்தையும் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. இருந்தாலும் பங்குனி பிறந்தால் "கோடை வந்துடுச்சு" என்பார்கள். சித்திரையில் அக்னி நட்சத்திரம் என்று குடை இல்லாமல் வெளியே வரமாட்டார்கள். இதே வெயில் ஐப்பசியிலும் அடித்தது என்று நான் எழுதி வைத்திருப்பதைக் காட்டினால், "அது வேற வெயிலுங்க" என்பார்கள். நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஏனென்றால் பங்குனி சித்திரையில் ஒரு வித்தியாசம் உண்மையிலேயே உண்டு. மாசியில் கொஞ்சம் ஒதுங்கி நின்ற மழை, வெயில் ஏற ஏற இடியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிற காலம் அது. காலையில் வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் ஒரு மேகம் கிளம்பி வந்து ஓர் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அது எந்த ஊர் என்பதுதான் கேள்வி. நமக்குச் சம்பளம் அந்தக் கேள்விக்குத்தான். விடைக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

நான் காவல் இருந்த வானிலை நிலையம் லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் ஒரு மேட்டில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் கொட்டில், முள்வேலி போட்ட புல்தரை. புல்தரையின் நடுவில் நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பலகைப் பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானிகள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கடைக்குப் போகும் வழி அது. ஒருத்தி ஒரு நாள் வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே என்ன சாமி இருக்கிறது என்று கேட்டாள். கோபக்காரச் சாமி என்று சொல்லி வைத்தேன். அதன்பின் ஒருவரும் அந்தப் பக்கம் ஆட்டை அவிழ்த்துவிடவில்லை. என் உத்தியோக வாழ்வில் நான் செலுத்திய அதிகாரம் அவ்வளவுதான்.

பழைய புலவர்கள் தனிமை தாங்காமல் மேகத்தைத் தூது அனுப்பினார்கள். நான் தனிமையில் இருந்துகொண்டு மேகத்தைப் பற்றிச் சிங்கப்பூருக்குத் தந்தி அனுப்பினேன். பதில் வருவதில்லை என்ற விஷயத்தில் எங்களுக்குள் பேதமில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சில நாட்களில் பொழுது சாயும் நேரத்தில் முதல் தடவையாக வாயைத் திறக்கும்போது குரல் கரகரத்து, வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். என்னைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கோலாலம்பூரில் ஒரு சங்கமும், சீட்டாட நாலு பேரும் கிடைத்தார்கள். எனக்கு ஈரக்குமிழ் வெப்பமானி கிடைத்தது.

பேச வந்த ஒரே மனிதர் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி மருதமுத்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். வேலை முடிந்து குளித்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேடேறி வருவார். முதல் நாள் வந்தபோதே என் வேலையை விசாரித்து முடித்துவிட்டார்.

"வானத்தைப் பாக்கறதுக்குச் சம்பளங்களா? எங்க ஊர்ல அதுக்குச் சோம்பேறின்னு பேருங்க."

"இஞ்ச அதுக்கு ஓய்வூதியமும் உண்டு, கங்காணியார். இருங்கோ."

அதன்பின் எனக்கு 'மழைக் கிராணி' என்று பெயர் வைத்தவரும் அவரே. தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் கிராணி. மழைக்குக் கணக்கு எழுதுகிற நான் மழைக் கிராணி. அந்தப் பெயரை நான் மனத்துக்குள் ரசித்தேன். ஒருவன் பெயர் வைத்தால், அவன் மறுபடி வருவான் என்று அர்த்தம்.

அந்த வருஷம் தோட்டத்தில் புதுக்காடு திருத்தினார்கள். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பெருமரங்களை வெட்டிச் சாய்த்து, மாசி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். காட்டை வெட்டுவது பெரிய காரியமில்லை. எரிப்பதுதான் காரியம். நன்றாகக் காய்ந்த பிறகு, உச்சி வெயிலில், காற்று ஒரு பக்கமாக வீசும்போது, பந்தம் பிடித்த ஆட்கள் வெட்டுமரங்களுக்கு இடையில் இறங்கி வரிசையாகத் தீ வைத்துக்கொண்டு போகவேண்டும். காற்று முதுகில் இருக்கும்வரை தீ முன்னால் ஓடும், ஆள் பின்னால் நிற்கலாம். காற்று திரும்பினால் தீயும் திரும்பும். கிடக்கிற மரங்களைத் தாண்டி ஓட முடியாது. இடிமேகம் ஒன்று பக்கத்தில் எங்காவது உடைந்தால், ஒரு துளி மழை வருவதற்கு முன்பே அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்பி, அதுவரை வீசிய காற்றை எதிர்த்துத் தள்ளும். இது உங்கள் கைப்புத்தகத்திலும் இருக்கிறது. அதில் தீயைப் பற்றி இல்லை.

சரி, காத்திருந்து எரிக்கலாமே என்பீர்கள். காத்திருந்தால் மழை வரும். மழை நனைத்த காடு அரைகுறையாய் எரியும். பிறகு கருகிய மரங்களை வாளால் அறுத்து, துண்டம் துண்டமாய் உருட்டி அடுக்கி, மறுபடி மறுபடி தீ வைக்கவேண்டும். அந்த வேலையில் மாதங்கள் போகும். முதுகுகளும் போகும்.

இதற்கு முந்தின எரிப்பில் அந்தத் தோட்டத்துத் தீ பக்கத்துத் தோட்டத்து இளமரங்களுக்குத் தாவிவிட்டதாம். அதனால், தீ வைக்கும் நாளில் வானிலை நிலையத்தைக் கேட்டுக்கொண்டு வைக்கவேண்டும் என்று கம்பெனி, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு உத்தரவு போட்டிருந்தது. நிலையம் என்றால் நான். வானிலையை முன்கூட்டிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. பார்ப்பதும் எழுதுவதும்தான் என் வேலை, சொல்வது சிங்கப்பூரின் வேலை. அங்கிருந்து காலையில் முன்னறிவிப்புத் தந்தி வரும். அந்தப் பங்குனி முழுவதும் ஒரே தந்திதான் வந்தது: தெற்குப் பகுதிகளில் வெப்பம் மிகும்; பிற்பகலில் சில இடங்களில் இடிமழைக்கு வாய்ப்பு. தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பூசைச் சங்கல்பத்தில் நாளும் திதியும் மாறுகிற மாதிரி. அந்த வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது என்றைக்கும் பொய்யாகாது. 'சில இடங்களில்' என்பதற்குள் நீங்கள் நிற்கிற இடத்தைத் தவிர உலகம் முழுவதும் அடக்கம்.

எரிப்புக்கு முந்தின மாலை மருதமுத்து வந்தார். வழக்கமான கேலி இல்லை. ஊரில் அவருடைய மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் தத்தித் தத்தி நடந்தபோது கப்பலேறியவர், ஒரு தடவை திரும்பிப் போயிருக்கிறார், அப்போதும் அவள் பாவாடை கட்டின சிறுமி. துரை லீவு தருவதாகச் சொல்லிவிட்டார், ஆனால் காடு எரிந்து முடிந்த பிறகுதான். பந்தக்காரர்களை நடத்திப் போக அவரைவிட்டால் ஆள் இல்லை. நாளைக்கு எரிந்துவிட்டால் சித்திரையில் சிங்கப்பூரில் கப்பல். முகூர்த்தத்துக்கு முன்னால் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிடலாம். இதையெல்லாம் எனக்கு விளக்கிவிட்டு, கடைசியில் மேற்கே செவ்வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"துரை நாளைக்கு உங்ககிட்ட வருவாரு. நல்ல வெயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா. நான் வேற எதுவும் கேட்டதில்ல."

நான் தந்தியில் வருவதைப் படித்துச் சொல்வேன் என்றேன். எங்களுக்கு இரண்டு பேருக்கும் அது தெரிந்த தந்திதான். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. புழுக்கம். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ் ஏறவேண்டிய அளவுக்கு மேல் ஏறியிருந்தது. காற்று செத்துப் போயிருந்தது. வழக்கமாக மத்தியானம் தாண்டித் தலைகாட்டுகிற மேகங்கள், காலைப் பசி அடங்குவதற்கு முன்பே பெலுமுட் மலைக்கு மேல் அடுக்கடுக்காய் எழுந்து, உச்சியில் தட்டையாகப் பரவ ஆரம்பித்தன. தந்தி வந்தது. வெப்பம் மிகும். சில இடங்களில். வாய்ப்பு.

துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். மருதமுத்து குறுக்குப் பாதையில் ஏறி வந்து, வேலிக்கு வெளியே நின்றார். பந்தக்காரர்கள் அடிவாரத்தில் காத்திருந்தார்கள். துரை தமிழை வேலை வாங்குவதற்காகக் கற்றவர். அவர் வாயில் அது எப்போதும் உத்தரவாகவே வரும், நலம் விசாரித்தால்கூட.

"தந்தி என்ன சொல்லுது?"

படித்தேன்.

"நேத்து என்ன சொல்லுச்சு?"

"இதேதான்."

"போன வாரம்?"

"இதேதான், துரை."

அவர் சிரித்தார். அதில் தவறில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அத்தோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். தந்தியைப் படித்தாயிற்று, கடமை முடிந்தது. எது நடந்தாலும் 'வாய்ப்பு' என்ற சொல் எனக்காகச் சாட்சி சொல்லும். தம்பிமார்களே, நமது தொழிலில் ஒருவன் நனையாமல் நிற்பதற்கு இவ்வளவு நல்ல கூரை வேறில்லை. அதன் கீழ் நிற்கிறவர்கள்தான் மேல் பதவிக்கும் போவார்கள்.

"இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"பின்னேரம் காற்றுத் திரும்பும்."

"தந்தில அது இல்ல."

"தந்தியில இல்லை. நான் சொல்லுறன்."

துரை என்னை ஒரு புது மாதிரி மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்ற மருதமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, பந்தம் புடிக்கப் போறவன் நான். வெந்தா வேகறவனும் நான். எனக்குப் பயமில்லீங்க. நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

அந்தத் தீக்குள் நான் இறங்கவேண்டியதில்லை, அந்தக் கல்யாணத்துக்கும் நான் போகவேண்டியதில்லை. இரண்டிலும் சம்பந்தமில்லாத நான் இரண்டையும் தீர்மானித்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குப் பின்னால இறங்கப் போற ஆக்களிட்டயும் கேட்டியளோ, கங்காணியார்?" என்றேன்.

அவர் அடிவாரத்தைப் பார்த்தார். பந்தக்காரர்கள் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். துரை தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அவரை நிறுத்தியது என் அறிவு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நிலையம் வேண்டாம் என்ற பிறகு தீ வைத்து ஏதாவது ஆனால், கம்பெனிக்கு அவர் எழுதவேண்டியிருக்கும் விளக்கம்தான் அவரை நிறுத்தியது.

அன்று பிற்பகல் நான் சாப்பிடவில்லை. புல்தரையில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் கொளுத்தியது. ஒருவன் தன்னுடைய சொல் பலிக்கவேண்டும் என்று ஆசைப்படுவது எவ்வளவு அசிங்கம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இடி விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று மணி வாக்கில் வடக்கே, தொலைவில், உறுமியது. மேகத்தின் அடி கறுத்தது. திடீரென்று காற்றுத்திசை காட்டும் தகடு நடுங்கி, அரைவட்டம் சுற்றி எதிர்ப்பக்கம் நின்றது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. பெட்டியின் கதவு படபடத்தது. கொட்டிலின் அத்தாப்பு ஓலைக் கூரையில் ஒரு மூலை எழுந்து விழுந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு அடங்கிவிட்டது. மழை ஒரு துளி இல்லை. மேகம் கிழக்கே நகர்ந்து, எங்கோ கோத்தா திங்கிப் பக்கத்துக் காட்டில் யாருக்கும் உபயோகமில்லாமல் கொட்டிவிட்டுப் போயிருக்கவேண்டும்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அதை யாரிடமாவது சொல்லவேண்டும். பொழுது சாய்வதற்குள் மேட்டை விட்டிறங்கி, முதல் தடவையாகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். மருதமுத்து வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு காற்றைப் பற்றிச் சொன்னேன். தகடு சுற்றியதைக் கையால் சுற்றிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காத்துங்களா? இங்க ஒரு எல ஆடலீங்களே" என்றார். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம், "நீ பாத்தியா?" என்று கேட்டார். அவளும் பார்க்கவில்லை.

லயம் ரப்பர்ப் பால்மரங்களின் மறைவில் இருந்தது. அங்கே ஆடாவிட்டால் வெட்டுக்காட்டில் ஆடவில்லை என்று ஆகாது. வெட்டுக்காட்டில் யாராவது இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அன்று அங்கே யாருமில்லை. யாரும் இருக்கக்கூடாது என்று ஏற்பாடு செய்தவன் நான்தான்.

மறுநாள் காலை மேகமில்லை. காற்று ஒழுங்காக வீசியது. நான் துரையிடம் வைக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆட்கள் பந்தத்தை எடுத்துக்கொண்டு வெட்டுக்காட்டின் விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது, மேற்கே பத்து பாகாட் பக்கமிருந்து நான் எதிர்பார்க்காத ஒரு மேகம் வந்தது. அதில் காற்றுத் திரும்பலெல்லாம் இல்லை, வெறும் மழை. சாயந்திரம்வரை விடவில்லை. அடுத்த நாளும் பெய்தது. சித்திரை பிறந்தும் பெய்தது. தந்தி மட்டும் மாறாமல் வந்துகொண்டிருந்தது: வெப்பம் மிகும்.

கடைசியில் ஒரு நாள் தீ வைத்தார்கள். இலையும் சுள்ளியும் எரிந்தன. பெருமரங்கள் கறுத்துப் புகைந்துவிட்டு அப்படியே கிடந்தன. அறுக்கும் வேலையும் அடுக்கும் வேலையும் தொடங்கின. மருதமுத்துவின் லீவைத் துரை ரத்து செய்தார். கப்பல் அவரில்லாமல் போனது.

தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு வரி வந்தது. நிலையக் காவலர்கள் அபிப்பிராயம் கூறலாகாது என்று. துரை யாரிடமோ முறையிட்டிருக்கிறார். ரயிலடிக் கடைக்காரர் அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். நான் அரிசி வாங்கப் போனால், "ஐயா, நாளைக்குச் சூரியன் கெளம்புங்களா? கடை தொறக்கணும்" என்பார். பெஞ்சியில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், நகைச்சுவை நன்றாகவே இருந்தது. மாலையில் மேட்டில் உட்கார்ந்திருப்பேன். வாழைப்பழத்தோடு யாரும் ஏறி வரவில்லை. பழக்கத்தில் கொஞ்ச நாள் இரண்டு கோப்பைக்குத் தேத்தண்ணீர் கொதிக்கவைத்தேன். பிறகு கை தானாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டது.

இங்கே உங்களுக்கு ஒரு படிப்பினை சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். நம் தொழிலில் பெய்த மழைக்கு அளவு உண்டு. நடக்காமல் போனதற்கு அளவு கிடையாது. நீங்கள் ஒரு விபத்தைத் தடுத்தால், தடுத்தது உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. அந்தக் காற்று வெட்டுக்காட்டை எட்டியிருக்கும் என்று நான் சில நாள் நம்புகிறேன். எட்டியிருக்காது, ஒரு நல்ல மனிதனின் காரியத்தை வீணாகக் கெடுத்தேன் என்று சில நாள் நம்புகிறேன். எந்த நாளில் எதை நம்புகிறேன் என்பது பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்தது. இன்னொரு தடவை அதே காலை வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டால், அதையேதான் சொல்வேன். தந்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் உங்களோடு பேச ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் சொல்லுங்கள், ஆனால் அதன்பின் மாலை நேரங்களுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வைகாசியில் ஒரு நாள், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், மருதமுத்து மேடேறி வந்தார். வேலைநாள். ஆனால் வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி, எண்ணெய் வைத்து வாரின தலை. நான் எழுந்து நின்றுவிட்டேன். வாங்கோ என்றேன்.

"உங்களோட பேச வரலீங்க ஐயா. மணி பாக்க வந்தேன். இங்கதான் சரியான கடியாரம் இருக்குன்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு." கொஞ்சம் நின்று, "ஊர்ல இப்ப மணி என்னங்க?" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. ஊர் நேரம் அப்போது நமக்கு ஒன்றரை மணி பின்னால். கழித்துச் சொன்னேன். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் படியில் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் வேண்டாமென்றார். தண்ணீரும் வேண்டாமென்றார். தாலி ஏறும்வரை ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று வைத்திருந்தார். பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க அவருடைய தம்பி நிற்கிறாராம். இதை என்னிடம் சொன்னாரா, எதிரே இருந்த புல்லிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

நான் கடிகாரத்துக்கு முன்னால் நின்றேன். என் வாழ்வில் எந்தக் கருவியையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. முள் வந்து சேர்ந்ததும், "இப்ப" என்றேன்.

அவர் எழுந்தார். ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டார். வடமேற்கே கையைக் காட்டினேன். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சிறு முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் அரிசி. அதை உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, கையை உயர்த்தி வீசினார். அரிசி வேலியைக்கூடத் தாண்டவில்லை. புல்லில் சிதறியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சின்னதுல பச்சரிசியத் திருடித் திம்பா" என்றார். "எத்தனை அடிச்சாலும் கேக்கமாட்டா. இப்படித் தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்டின்னு அவ ஆத்தா ஏசுவா. எனக்கு அவளப் பத்தி ஞாபகத்துல இருக்கறது அவ்வளவுதாங்க, வாயெல்லாம் அரிசி." பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பங்குனிக்குப் பிறகு என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். "அங்க இன்னிக்கு மழை பெய்யுங்களா ஐயா?"

தஞ்சாவூரைப் பற்றி என்னிடம் ஓர் அளவும் கிடையாது. வைகாசியில் அங்கே அனல் பறக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அபிப்பிராயம் கூறக்கூடாது என்ற உத்தரவு சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பெய்யும்" என்றேன். "கட்டாயம் பெய்யும்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயோரம் லேசாக நெளிந்தது.

"நீங்க சொன்னாப் பெய்யாதே, ஐயா" என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டை விட்டு இறங்கிப் போனார். நான் அவர் பால்மரங்களுக்குள் மறைகிறவரை நின்றுவிட்டு, மத்தியான அளவுகளை எடுக்கப் போனேன். அன்று பிற்பகல் எங்கள் பக்கம் நன்றாக மழை பெய்தது. அது கணக்கில் சேராது.